வெள்ளைக் கிரீமும் 650 வெள்ளியும்

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 19. பாரிட் புந்தாரில் இருக்கிறோம். எஸ்டிபிஎம் முடித்துவிட்டு டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். கடைக்கு வரும் புதுச் சேலைகளைக் கட்டிக்கொண்டு வீடியோ எடுத்துப் போடுவது என் பொறுப்பு. அதைப் பார்த்துவிட்டு நிபோங் திபாலிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். தீபாவளி விளம்பரம் ஒன்றுக்கு 18 முதல் 25 வயதுவரை இந்தியப் பெண்கள் வேண்டும், பெட்டாலிங் ஜெயாவில் காஸ்டிங் என்று இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். கேட்டு எழுதினேன். வேறு ஓர் எண்ணிலிருந்து ஒருவர் வாட்சப்பில் வந்தார். ஏஜெண்ட் என்கிறார். பதிவுக்கும் போர்ட்ஃபோலியோ படங்களுக்கும் சேர்த்து 650 வெள்ளி கட்ட வேண்டுமாம், ஐசி நகலும் அனுப்ப வேண்டுமாம். நான் நல்ல கறுப்பு. உயரம் 5 அடி 2 அங்குலம்தான். இரண்டு வாரத்தில் முகம் வெளுத்துவிடும் என்று அத்தை ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மாவோ, “நமக்கெல்லாம் எதுக்கு இது?” என்கிறார். நான் போகலாமா? என்ன உடுத்திக்கொண்டு போவது? அங்கே என்ன கேட்பார்கள்?

- வாசகி, பாரிட் புந்தார்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போகலாம். ஆனால் அந்த 650 வெள்ளியைக் கட்டாதே, அந்தக் கிரீமைத் தொடாதே. இந்த இரண்டையும் முதலில் பேசிவிடுவோம். சேலை, தலைமுடி எல்லாம் அதற்குப் பிறகு.

விளம்பரத் தொழிலில் பணம் மேலிருந்து கீழே வரும். பொருளை விற்கிறவர் விளம்பர நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். அது படம் எடுக்கும் கம்பெனிக்குப் போகிறது. அங்கிருந்துதான் நடிக்கிறவருக்கும் மாடலுக்கும் சம்பளம். நடுவில் ஏஜெண்ட் இருந்தால் உனக்கு வரும் சம்பளத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்வார். உன்னிடமிருந்து பணம் மேலே போகிற வழி இதில் எங்குமே இல்லை. காஸ்டிங்குக்குக் கட்டணம், பதிவுக்குக் கட்டணம், “நாங்கள் சொல்லும் ஸ்டூடியோவில் படம் எடுத்தால்தான் சேர்ப்போம்” என்பதெல்லாம் உன்னை வேலைக்கு எடுக்கிறவர் பேச்சு கிடையாது. உன் ஆசையை விற்றுப் பிழைக்கிறவர் பேச்சு.

அந்த மனிதர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார். மோசடிப் புகார்களில் சிக்கிய எண்கள் அதில் தெரியும். கம்பெனிப் பெயரைக் கேட்டு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் பதிவு இருக்கிறதா என்றும் பார். பதிவு இருப்பதாலேயே யோக்கியர் என்று ஆகிவிடாது, ஆனால் பதிவே இல்லாமல் தனி ஆள் கணக்குக்குப் பணம் கேட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஒருவேளை பணம் ஏற்கெனவே போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழை. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கும்.

ஐசி நகல் விஷயம். தேர்வு ஆகி ஒப்பந்தம் எழுதும்போது அது தேவைப்படும். அதற்கு முன்னால் யாருக்கும் தேவையில்லை. கொடுக்கும்போதும் நகலின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, அவற்றுக்கு நடுவில் ‘இந்த விளம்பர வேலைக்கு மட்டும்’ என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, கம்பெனிப் பெயரையும் தேதியையும் போட்டுக் கொடு. எழுத்து ஐசி எண்ணைத் தொட்டுக்கொண்டு போகட்டும், வெட்டி எடுக்க முடியாதபடி.

வெளிநாட்டில் ஷூட்டிங், டிக்கெட் நாங்கள் போடுகிறோம் என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள். வாங் ஷிங் என்ற சீன நடிகருக்குத் தாய்லாந்தில் பட வேலை என்று அழைப்பு வந்தது. 2025 ஜனவரியில் பாங்காக்கில் இறங்கியவரை மேசோட் வழியாக எல்லை தாண்டி மியன்மாரின் மோசடி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சில நாளில் மீட்கப்பட்டபோது தலை மொட்டையடிக்கப்பட்டிருந்தது. தொழிலில் இருக்கிறவருக்கே அந்த அழைப்பு உண்மையானதாகத் தெரிந்திருக்கிறது.

இனி கிரீம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் என்ன இருக்கிறது என்று நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இவை கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களின் அனுமதியை, அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்பிஆர்ஏ ரத்து செய்து, பெயரோடு அறிவிக்கிறது. பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் மலப்புறத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், பலரும் வெளுக்கும் கிரீம் பூசிவந்ததை 2023-இல் கண்டறிந்தார்கள். அத்தை பாசத்தில்தான் வாங்கியிருப்பார். பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல். மலேசியாவில் முறையாக அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு என்ஓடி என்று தொடங்கி கே என்று முடியும் எண் ஒன்று உண்டு. அதை என்பிஆர்ஏ தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எண்ணே இல்லையென்றால் குப்பையில் போடு.

கிரீமில் விஷமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், காஸ்டிங்குக்கு அது உதவாது. முகத்துக்கு மட்டும் இரண்டு நிறம் கூட்டி ஃபவுண்டேஷன் போட்டு வரும் பெண்களை நான் காஸ்டிங் அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கேமரா முன்னால் உட்கார வைத்து, ஒரு டம்ளர் தேநீரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வோம். முகம் ஒரு நிறம், டம்ளரைப் பிடித்த விரல்கள் வேறு நிறம், தாடைக்குக் கீழே கோடு போட்டது போல ஒரு எல்லை. ஸ்டூடியோ விளக்கில் அந்தப் பூச்சு சாம்பல் பூத்துத் தெரியும். அந்தப் பெண்ணின் கண்ணும் சிரிப்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்க்கிறவர் கண் அந்தக் கோட்டிலேயே போய் நிற்கிறது. தேர்வு செய்கிறவருக்கு உன் தோல் உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் விளக்கு, சேலை நிறம், உன்னோடு நிற்கப்போகிறவர் எல்லாம் முடிவாகும்.

கறுப்பு என்பதால் ஒதுக்குவதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஒதுக்கியிருக்கிறார்கள், ஒதுக்குகிறார்கள். நம் நாட்டு விளம்பரங்களில் எந்த இனம் என்று சொல்ல முடியாத ‘பான்-ஏசியன்’ முகத்துக்குப் பல காலம் தனி மவுசு இருந்தது. 2007-இல் அப்போதைய தகவல் அமைச்சர் ஜைனுடின் மைடினே அதைக் கண்டித்துப் பேசினார். மூன்று இனமும் வர வேண்டும் என்று எடுக்கும் விளம்பரத்தில் இந்தியருக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே இடம், அதிலும் வடநாட்டுச் சாயல் கேட்பார்கள். 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா வெளியிட்ட படத்தில், கறுப்புச் சாயம் பூசிய பெண் முகம் கழுவி வெளுத்ததும் அழகியாகிறாள். கண்டனம் கிளம்பியதும் படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். 2019-இல் சிங்கப்பூரில் வந்த மின்பணப் பரிவர்த்தனை விளம்பரம் இன்னும் மோசம். டென்னிஸ் சியூ என்ற சீன நடிகருக்கு முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, சட்டையில் ‘கே. முத்துசாமி’ என்று பெயர்ப்பட்டை குத்தி நிறுத்தினார்கள். ஒரு முத்துசாமியைத் தேடிக் கூப்பிட அந்த ஊரில் ஆளா இல்லை? அங்கேயும் எதிர்ப்புக்குப் பிறகுதான் மன்னிப்பு வந்தது.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கேமரா முன்னாலிருக்கும் அந்த நாற்காலி உனக்கு உரியது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சென்னையில் 2009-இல் ‘கறுப்பே அழகு’ என்று கவிதா இம்மானுவேல் இயக்கம் தொடங்கியபோது பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1975-இலிருந்து விற்று வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம், 2020-இல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்பதை எடுக்க வேண்டி வந்தது. காற்று முழுவதும் திரும்பிவிடவில்லை, ஆனால் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நீயே உன்னை அழித்துக்கொண்டு போய் நிற்காதே.

கேமராவும் கறுப்புத் தோலுக்கு நியாயமாக நடந்துகொண்டதில்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக விழுந்தால் படம் சரி என்று கணக்கு. பல நிறப் பெண்கள் இருக்கும் அட்டை வந்தது 1990-களில்தான். இன்றைக்கு உன் கைப்பேசியிலும் அதன் மிச்சம் உண்டு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால், சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், உன் முகம் கரிந்து போகும். அதனால் வெளிர்சாம்பல் அல்லது மங்கலான மஞ்சள் சுவரைத் தேடு. காலை 9 மணிக்கு ஜன்னலைப் பார்த்தபடி நில், ஜன்னலுக்கு முதுகு காட்டாதே. திரையில் உன் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்து, வெளிச்சம் முகத்துக்கு ஏற்றபடி மாறும். அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடு. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் வயல் வரப்பில் நின்று படம் எடுப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் கதிர் பச்சையாக இருக்கும்போது அந்தப் பச்சை தாடையிலும் கழுத்திலும் ஏறிவிடும். காஸ்டிங்குக்கு அனுப்பும் படத்துக்கு அது வேண்டாம்.

அனுப்ப வேண்டிய படங்கள் கொஞ்சம்தான். முகம் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், முழு உருவம், சிரிப்பு. முடியைப் பின்னால் கட்டி, மேக்கப் இல்லாமல் எடுக்க வேண்டும். அக்காளோ தம்பியோ கைப்பேசியில் எடுத்தால் போதும். சாதாரண டீசர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொள். சேலை விளம்பரத்துக்கு உள்ளாடைப் படம் கேட்கிறவன் படமெடுக்கிறவன் இல்லை. அப்படிக் கேட்டால் பதில் எழுதாமல் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள். 2022-இன் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச்சிலிருந்து புகார்களை ஏற்று வருகிறது. அங்கே இந்தப் படங்கள்தான் உன் சாட்சி.

உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. ரேம்ப்பில் நடக்கும் ஃபேஷன் மாடலுக்குத்தான் 5 அடி 7, 8 என்று பார்ப்பார்கள், ஆடை அந்த அளவுக்குத் தைத்திருக்கும். தீபாவளி விளம்பரத்தில் நீ ஒரு மகளாகவோ தங்கையாகவோ வரப்போகிறாய். அங்கே பார்ப்பது, அம்மாவாக நடிப்பவருக்குப் பக்கத்தில் நின்றால் நீ அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறாயா என்பதைத்தான். ஆனால் உயரத்தைக் கூட்டிச் சொல்லாதே. வாசலிலேயே அளந்துவிடுவார்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் நடக்கப்போவது இதுதான். பேர் கொடுத்து எண் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு மணி நேரமும் ஆகலாம், நான்கும் ஆகலாம். உள்ளே தரையில் ஒட்டிய டேப்பின் மேல் நிறுத்தி, பெயர், வயது, உயரம், எந்த ஊர், என்னென்ன மொழி என்று கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். பக்கவாட்டில் திரும்பச் சொல்வார்கள். உள்ளங்கையும் புறங்கையும் காட்டச் சொல்வார்கள். அதனால் நகம் வெட்டிச் சுத்தமாக இருக்கட்டும், அந்த வாரம் மருதாணி வேண்டாம், புருவம் திருத்துவதாக இருந்தால் நான்கு நாள் முன்பே முடித்துவிடு. பிறகு ஒரு சின்னக் காட்சி: அண்ணன் வெளியூரிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறான், திற. இதற்கு அழவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். உண்மையிலேயே அண்ணன் வந்தால் நீ முதலில் எதைப் பார்ப்பாய், முகத்தையா, கையிலிருக்கும் பையையா? அதைச் செய்.

சிலர் காட்சியே கொடுக்காமல் பேச்சுக் கொடுப்பார்கள். நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், கடையில் அதிகம் விலை பேசுகிறவர் யார் என்று கேட்பார்கள். தேர்வு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. யாஸ்மின் அஹ்மாட் பெட்ரோனாஸுக்கு எடுத்த பண்டிகைப் படங்களை யூடியூபில் தேடிப் பார். 2007 தேசிய தினத்துக்கு அவர் எடுத்த ‘டான் ஹோங் மிங்’ விளம்பரத்தில் எழுதிவைத்த வசனமே கிடையாது. ஒரு சீனச் சிறுவனிடம் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்க, அவன் மலாய்த் தோழி ஒருத்தியின் பெயரைச் சொல்கிறான், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்குத் தங்கம் கிடைத்தது. பேசத் தெரிந்த முகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கடையில் வாடிக்கையாளரிடம் நீ பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதையே கொண்டு போ. உன் தமிழை மெட்ராஸ் படத் தமிழாக மாற்றாதே, மலேசிய விளம்பரத்துக்கு மலேசியத் தமிழ்தான் வேண்டும். மலாயில் பொது மலாயும் பேசுவேன், வடக்குப் பேச்சும் வரும் என்று மறக்காமல் சொல். நம் கிரியான் மாவட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இயல்பாக வருவது தலைநகர்ப் பிள்ளைகளுக்குப் பழகினாலும் வராது. அதைத் தேடுகிற இயக்குநர்கள் இருக்கிறார்கள்.

உடைக்கு ஒற்றை நிறச் சுடிதாரோ சட்டையோ போதும். கடுகுமஞ்சள், செங்கல் சிவப்பு, மயில்நீலம் எல்லாம் உன் நிறத்துக்கு நன்றாக எடுக்கும். பொடிக்கட்டமும் மெல்லிய கோடும் கேமராவில் அலையலையாக நெளியும், தவிர்த்துவிடு. நெஞ்சில் பிராண்டுப் பெயர் வேண்டாம். சேலை கட்டச் சொன்னால் கட்டுவதற்கு, தைத்த ரவிக்கையோடு ஒரு லேசான சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொள். ஊக்கு, சீப்பு, முகத்து எண்ணெய் ஒற்றும் தாள், தண்ணீர், தட்டைச் செருப்பு. சேலையை ஐந்து நிமிடத்தில் தானே கட்டத் தெரிந்த பெண் இன்றைக்கு அபூர்வம். நீ தினமும் கட்டுகிறாய், அதை மறக்காமல் சொல்.

நம் ஊரில் இடிஎஸ் ரயில் நிற்கிறது. கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், அங்கிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு எல்ஆர்டி. காஸ்டிங்குக்குப் போகிற செலவு உன்னுடையதுதான், யாரும் தரமாட்டார்கள். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன், “நான் பேராவின் வடகோடியில் இருக்கிறேன், முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்பலாமா?” என்று கேள். இப்போது பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கூப்பிட்டால் அம்மாவோடு போ. வெளியே உட்காரச் சொல்வார்கள், அது சரி. துணைக்கு ஆளே வரக்கூடாது என்றால், ஹோட்டல் அறைக்கு வா என்றால், திரும்பி வந்துவிடு.

தேர்வாகிவிட்டால் கையெழுத்துக்கு முன் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதே. எத்தனை நாள் வேலை, டிவியிலா இணையத்திலா சாலைப் பலகையிலா, எத்தனை மாதத்துக்கு, எந்தெந்த நாட்டில் என்று கேள். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு வந்தால் அந்தக் காலம் முடியும்வரை போட்டி நிறுவனத்துக்கு வரக்கூடாது என்று இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். பணம் கைக்கு வர மாதக்கணக்காகும், தேதியை எழுத்தில் வாங்கு. இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, உன் முகத்தை ஏஐ-யில் போட்டு மறுபடி மறுபடி பயன்படுத்தும் உரிமை. 2025-இல் எச் அண்ட் எம் தன் மாடல்கள் 30 பேருக்கு டிஜிட்டல் நகல் செய்வதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்த சட்டம், மாடலின் எழுத்துச் சம்மதமில்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்கிறது. நம் ஒப்பந்தத்தில் அந்த வரி எங்காவது ஒளிந்திருந்தால் அடித்துவிடச் சொல், அல்லது தனி விலை கேள்.

அம்மா “நமக்கெல்லாம் எதுக்கு” என்கிறார். அவர் பயம் நியாயமானது, அந்த 650 வெள்ளிக்காரரைப் பார்த்தால் யாருக்கும் வரும். நம்மாலும் முடியும் என்பதற்கு வேண்டுமானால், 2015-இல் மிஸ் யுனிவர்ஸ் மலேசியா ஆன வனெசா தேவியைக் காட்டு, 2021-இல் மிஸ் வேர்ல்ட் மலேசியா ஆன டாக்டர் லாவண்யா சிவாஜியைக் காட்டு. நம் பேராவின் தெலுக் இந்தானில் பிறந்த அம்பர் சியாதான் 2004-இல் கெஸ் கடிகார நிறுவனத்தின் அனைத்துலக மாடல் தேடலில் வென்றவர். ஆனால் கடை வேலையை விடாதே. இந்தத் தொழிலில் மாதா மாதம் சம்பளம் கிடையாது. பினாங்கிலும் ஈப்போவிலும் லிட்டில் இந்தியா சேலைக்கடைகளும் கல்யாண மேக்கப் செய்கிறவர்களும் மாடல் தேடுவார்கள், முதல் அனுபவத்துக்கு அது போதும். படங்களைக் கடைக்காரர் எங்கே போடலாம் என்பதை மட்டும் வாட்சப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்.

இன்று இரவே இரண்டு செய்தி அனுப்பு. முதலாவது அந்த ஏஜெண்டுக்கு: “கட்டணம் கேட்கும் காஸ்டிங்கில் எனக்கு விருப்பமில்லை.” அனுப்பிவிட்டு எண்ணைத் தடு, ஆனால் உரையாடலை அழிக்காதே. இரண்டாவது, இன்ஸ்டாகிராமில் அறிவிப்புப் போட்ட கம்பெனிக்கே நேராக: உன் பெயர், வயது, 157 சென்டிமீட்டர் உயரம், ஊர், மொழிகள், ஃபில்டர் இல்லாத ஐந்து படம், கடையில் சேலை கட்டிப் பேசிய வீடியோவில் ஒரு நிமிடம். இந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் உங்கள் ஆள்தானா என்று அந்த ஏஜெண்டின் எண்ணையும் கொடுத்து அதிலேயே கேட்டுவிடு.